‘இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு, மார்க் மட்டும் ஏன் 54?’

வாசகர் கேள்வி – பதில்

(வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போன பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: அசைன்மென்ட் கட்டுரை. ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.)

என் மகள் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்கிறாள். அவளது பல்கலைக்கழகத்தில் ஒரு நாவலாசிரியர் தனி அறையில் உட்கார்ந்திருக்கிறாராம். எந்தப் பாடம் படிப்பவரும் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டலாமாம், காசே வேண்டாமாம். தண்ணீர் பாட்டிலுக்குக்கூடக் கணக்குப் பார்க்கும் ஊரில் இது எப்படி? நம்பிப் போகலாமா?
– வாசகி, கோவை

தாராளமாகப் போகச் சொல்லுங்கள். மாணவருக்குத்தான் இலவசம், எழுத்தாளருக்குச் சம்பளம் உண்டு. அதைத் தருவது ராயல் லிட்டரரி ஃபண்ட் என்ற அறக்கட்டளை. பிளேட்டோவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஃப்ளோயர் சைடன்ஹாம் என்பவர் கடனுக்காகக் கைதாகி 1787-ல் இறந்துபோனார். அந்த அதிர்ச்சியில் டேவிட் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் 1790-ல் லண்டனில் தொடங்கியது இது. நொடித்துப்போன எழுத்தாளர்களுக்குக் கைகொடுப்பதுதான் அன்றைய நோக்கம், இன்றும் அதைச் செய்கிறார்கள். நிதியில் பெரும் பகுதி எழுத்தாளர்களே உயில் எழுதி வைத்தது. வின்னி த பூ என்ற கரடிப் பொம்மையைப் படைத்த ஏ.ஏ. மில்ன், அதன் வருமானத்தில் ஒரு பங்கை இந்த அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். 2001-ல் டிஸ்னி நிறுவனம் அந்த உரிமையை மொத்தமாக விலைக்கு வாங்கியது. உங்கள் மகளின் கட்டுரைக்குப் பின்னால் ஒரு கரடியின் பணமும் இருக்கிறது!

1999-லிருந்து இவர்கள் நாவலாசிரியர், கவிஞர், நாடக ஆசிரியர், வரலாற்று நூல் எழுதுபவர், மொழிபெயர்ப்பாளர் போன்றவர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறார்கள். ‘ஆர்.எல்.எஃப். ஃபெல்லோ’ என்று பெயர். கல்வி பருவத்தில் வாரம் 2 நாள் இருப்பார். துறைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. மதிப்பெண் போடமாட்டார், யார் வந்தார்கள் என்று டியூட்டரிடம் சொல்லவும் மாட்டார். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இவர்கள் இல்லை. மகளை முதலில் தன் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பார்த்து, நேரம் பதிவுசெய்துகொள்ளச் சொல்லுங்கள்.

டெவலப்மென்ட் ஸ்டடீஸ் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். முதல் கட்டுரைக்கு 54 வந்தது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை, பணம் கட்டி வாங்கிய மென்பொருளில் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஃபீட்பேக்கில் ‘டூ டிஸ்க்ரிப்டிவ்’ என்று ஒரு வரி. விவரமாக எழுதுவது தப்பா?
– மாணவர், மான்செஸ்டர்

விவரம் தப்பில்லை. விவரத்தோடு நின்றுவிட்டதுதான் தப்பு. அங்கே மாஸ்டர்ஸில் பொதுவாக 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். பாடம் தெரியும் என்று காட்டினால் ஐம்பதுகளில் நிற்கலாம். அறுபதைத் தாண்ட, தெரிந்ததை வைத்துக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசம் நம் பிள்ளைகளுக்குப் பிடிபடத் தாமதமாவதற்குக் காரணம் ஆங்கிலம் இல்லை. பத்து மார்க் கேள்விக்குப் ‘பாயிண்ட் பாயிண்டா எழுது, தலைப்புக்கு அடிக்கோடு போடு’ என்று பழகிய கை அது. அந்த முறையில் பத்துப் பாயிண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கலாம், மார்க் விழும். அங்கே விழாது.

நீங்கள் அனுப்பிய தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ‘தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பெண்களுக்கு எந்த அளவுக்கு அதிகாரம் தந்துள்ளன?’ உங்கள் மூன்றாவது பத்தியின் சாரம் இது:

‘தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. பின்னர் மகளிர் திட்டத்தின் மூலம் மாநிலம் முழுக்கப் பரவின. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் இருப்பார்கள். உறுப்பினர்கள் சேமிக்கிறார்கள், வங்கிக் கடன் பெறுகிறார்கள். இதனால் பெண்கள் அதிகாரம் பெற்றுள்ளனர்.’

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனால் ‘இதனால்’ என்ற சொல்லில் விரலை வையுங்கள். எதனால்? கடன் வாங்குவதற்கும் அதிகாரத்துக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும், அது இங்கே இல்லை. கேள்வியில் இருந்த ‘எந்த அளவுக்கு’ என்பதும் காணாமல் போய்விட்டது. இப்போது இப்படிப் பாருங்கள்:

‘கடன் பெண்ணின் பெயரில் வருவதாலேயே அந்தப் பணத்தைப் பற்றிய முடிவு அவள் கைக்கு வந்துவிடுவதில்லை. வங்கதேசத்தில் கடன் பெற்ற பெண்களை ஆராய்ந்த கோட்ஸ், சென் குப்தா (1996), கணிசமான கடன்களில் செலவு முடிவு ஆண் உறவினரிடமே இருந்ததாகக் காட்டினர். தமிழ்நாட்டுக் குழுக்களுக்கு இது அப்படியே பொருந்தாது. இங்கே கடனுக்கு முன்பே சேமிப்பும் கூட்டமும் வந்துவிடுகின்றன. கணக்கு எழுதுவது, வங்கிக்குப் போவது போன்ற பொறுப்புகளைப் பெண்களே ஏற்கிறார்கள். ஆகவே அதிகாரம் என்று ஏதேனும் கிடைத்திருந்தால், அதைக் கடன் தொகையில் தேடுவதைவிடக் கூட்டத்தில் தேடுவது பொருத்தம்.’

முதல் வாக்கியம் ஒரு நிலைப்பாடு, யாரேனும் மறுக்கக்கூடியது. அடுத்தது சான்று. மூன்றாவது அந்தச் சான்றின் எல்லையைச் சொல்கிறது. ‘கிரிட்டிக்கல்’ என்று அவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வாக்கியத்தைத்தான். கடைசி வாக்கியம் கேள்விக்குத் திரும்புகிறது, அடுத்த பத்திக்குக் கதவையும் திறக்கிறது. கூட்டங்களால் என்ன மாறியது என்பதற்கான சான்றை அந்தப் பத்தியில் நீங்கள் தந்தாக வேண்டும். 1989-ம் தருமபுரியும் எங்கே போயின? ஒரு வரியாகச் சுருங்கி முன்னுரைக்குப் போகட்டும்.

உங்கள் கட்டுரை முழுக்க இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. டிராஃப்டை அச்செடுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ‘இந்தப் பத்தி என்ன சொல்கிறது?’ என்று ஒரே வரியில் பென்சிலால் எழுதுங்கள். ‘மகளிர் திட்டம் பற்றி’ என்று எழுதினால் செல்லாது, அது தலைப்பு. ‘மகளிர் திட்டம் குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டியது, ஆனால்…’ என்று வினையோடு முடிய வேண்டும். அப்படி எழுத வராத பத்தி எதையும் வாதிடவில்லை. பிறகு அந்த வரிகளை மட்டும் தனித் தாளில் வரிசையாக எழுதிப் படியுங்கள். 2,500 சொல் கட்டுரைக்குப் 10 முதல் 14 வரி வரும். நான்காவது வரியும் ஒன்பதாவது வரியும் ஒன்றையே சொல்லலாம், முக்கியமான முடிவு கடைசி வரியில் ஒளிந்திருக்கலாம். தாளில் அம்புக்குறி போட்டு மாற்றிவிட்டு, அதன் பிறகு கணினியைத் திறங்கள்.

அந்த எழுத்தாளரைப் பார்க்கப் போனால் என்ன நடக்கும்? என்ன கொண்டுபோக வேண்டும்? அவர் இலக்கணம் திருத்தித் தரமாட்டாராமே, பிறகு எதற்கு?
– மாணவி, லண்டன் (சொந்த ஊர் யாழ்ப்பாணம்)

ஒரு சந்திப்பு ஏறக்குறைய 50 நிமிடம். கேள்வித்தாள், மதிப்பெண் அளவுகோல், முந்தைய கட்டுரைக்கு வந்த ஃபீட்பேக், இப்போதைய டிராஃப்டில் 3 அல்லது 4 பக்கம் கொண்டுபோங்கள். சிலர் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்பார்கள். முழு டிசர்ட்டேஷனையும் (ஆய்வேடு) கட்டித் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 15,000 சொல்லை 50 நிமிடத்தில் யாராலும் படித்துப் பேச முடியாது. ஒரு அத்தியாயத்தின் தொடக்கம் போதும், செய்கிற பிழையை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் செய்திருப்போம்.

அவர் பெரும்பாலும் கேள்விதான் கேட்பார். ‘இதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்’ என்பார். நீங்கள் வாயால் சொல்லும்போது தெளிவாக வந்துவிடும், தாளில் அது இருக்காது. சொன்னதை அந்த நொடியே எழுதிக்கொள்ளுங்கள், அநேகமாக அதுதான் உங்கள் முன்னுரையின் கடைசி வாக்கியம். ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்வார். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீளம், நாக்கு இடறும் இடத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஆர்ட்டிகிளையும் (a, an, the) காற்புள்ளியையும் பக்கம் பக்கமாகத் திருத்தித் தருவது அவர் வேலை இல்லை. திருத்திக் கொடுத்தால் அந்தக் கட்டுரை மட்டும் சரியாகும், அடுத்ததற்கு மறுபடி அவரிடமே போக வேண்டும். ஒரு பத்தியை எடுத்து, நீங்கள் அடிக்கடி செய்யும் இரண்டு மூன்று பிழைகளைக் காட்டுவார், மிச்சத்தை நீங்களே தேட வேண்டும். பாட விஷயத்திலும் தலையிடமாட்டார். உங்கள் துறை அவருக்குத் தெரியாது என்பது ஒரு வகையில் நல்லது. தெரிந்த டியூட்டர் நீங்கள் விட்ட இடைவெளியைத் தன் அறிவால் நிரப்பிப் படித்துவிடுவார். இவருக்கு அது முடியாது என்பதால் இடைவெளி அப்படியே தெரியும்.

சமர்ப்பிக்க ஒரு நாள் இருக்கும்போது போவது வீண். குறைந்தது ஒரு வாரம் கையில் இருக்கட்டும். பருவ முடிவில் இடம் கிடைப்பது கடினம் என்பதால் முன்பே பதிந்துவிடுங்கள்.

முன்னுரையில் திருக்குறள் போடலாமா?
– மாணவர், திருச்சி

கட்டுரை திருக்குறளைப் பற்றியது என்றால் போடலாம். ‘ஆதிகாலம் தொட்டே மனிதன்…’ என்று தொடங்குவதையும் அகராதிப் பொருள் தருவதையும் இதோடு சேர்த்து விட்டுவிடுங்கள். 2,500 சொல்லில் முன்னுரைக்குக் கிடைப்பது 250. அதற்குள் பிரச்சினை என்ன, உங்கள் பதில் என்ன, எந்த வழியில் அங்கே போகிறீர்கள் என்ற மூன்றும் வந்தாக வேண்டும். பதிலை முன்னுரையிலேயே சொன்னால் சுவாரசியம் போய்விடுமே என்று கேட்காதீர்கள், இது துப்பறியும் கதை இல்லை. முன்னுரையைக் கடைசியில் எழுதுவது எளிது. என்ன வாதிட்டோம் என்பது அப்போதுதான் நமக்கே தெரியும்.

காப்பியைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் பயன்படுத்தும் டர்னிட்டின் மென்பொருளில் 31 சதவீதம் காட்டுகிறது. காப்பி அடிக்கவே இல்லை, எல்லா வாக்கியத்தையும் மாற்றித்தான் எழுதினேன். பயமாக இருக்கிறது.
– மாணவி, பர்மிங்ஹாம்

அந்த எண் காட்டுவது ஒற்றுமையை, திருட்டை அல்ல. ரெஃபரன்ஸ் பட்டியல், மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரிகள், கேள்வித்தாளின் வாசகம் எல்லாம் அதில் சேரலாம். அறிக்கையைத் திறந்து எந்த வரிகளுக்கு வண்ணம் பூசியிருக்கிறது என்று பாருங்கள். பத்து இடத்தில் மூன்று மூன்று சொல்லாகச் சிதறியிருந்தால் கவலை இல்லை. ஒரே மூலத்திலிருந்து ஐந்தாறு வரி தொடர்ச்சியாக இருந்தால், மொத்த எண் 8 ஆக இருந்தாலும் சிக்கல்தான்.

‘எல்லா வாக்கியத்தையும் மாற்றி’ என்கிறீர்களே, சந்தேகம் அங்கேதான். மூல நூலைத் திறந்து வைத்துக்கொண்டு ‘இன்க்ரீஸ்’ இருந்த இடத்தில் ‘ரைஸ்’ போட்டுக்கொண்டே போனால், எலும்புக்கூடு மூல ஆசிரியருடையது, சட்டை மட்டும் உங்களுடையது. ரெஃபரன்ஸ் கொடுத்திருந்தாலும் அதைப் பிழையாகவே பார்ப்பார்கள். பத்தியை இரண்டு தரம் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். பக்கத்து அறைத் தோழிக்குத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதன் பிறகு திறந்து, உண்மை பிசகியிருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்து, ஆசிரியர் பெயர், ஆண்டு, தேவையானால் பக்க எண் சேருங்கள். தமிழ் வழியாகச் சுற்றி வருவதில் ஒரு லாபம் உண்டு. மூலத்தின் ஆங்கில வாக்கிய அமைப்பு நடுவிலேயே உதிர்ந்துவிடும்.

குறிப்பெடுக்கும்போதே மூலத்தின் சொல்லை மேற்கோள் குறிக்குள்ளும் உங்கள் சொல்லை வெளியேயும் எழுதிப் பழகுங்கள். ஆறு வாரம் கழித்து நோட்டைப் புரட்டும்போது எது யாருடையது என்று நினைவிருக்காது. வேண்டுமென்றே செய்யாத காப்பி பெரும்பாலும் நோட்டில்தான் தொடங்குகிறது.

வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வருகிறது: ‘யு.கே. அசைன்மென்ட், டிஸ்டிங்ஷன் கேரண்டி, டர்னிட்டின் சேஃப்’. பையன் தூக்கமில்லாமல் கஷ்டப்படுகிறான். உதவி என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

கூடாது ஐயா. இங்கிலாந்தில் காசுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பதும் அதற்கு விளம்பரம் செய்வதும் 2022-ல் வந்த சட்டப்படி குற்றம். சட்டம் பிடிப்பது விற்பவரை, ஆனால் பல்கலைக்கழக விதி பிடிப்பது உங்கள் மகனை. பட்டம் பறிபோகலாம், வெளியேற்றினால் விசாவும் போகும். இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது: எழுதிக் கொடுத்தவரிடம் பெயரும் பாட விவரமும் இருக்கும், ‘இன்னும் பணம் போடு, இல்லையென்றால் சொல்லிவிடுவேன்’ என்று பின்னாளில் மிரட்டலாம்.

தூக்கம் போகிற அளவுக்கு நெருக்கடி என்றால், கெடு முடியும் முன்பே டியூட்டருக்கு எழுதிக் கூடுதல் நாள் கேட்கச் சொல்லுங்கள். உடல்நலம், குடும்பச் சூழ்நிலை போன்ற காரணங்களுக்கு அதற்கென்று முறையே இருக்கிறது. சான்று கேட்பார்கள். கெடு முடிந்த பிறகு கேட்டால் தாமதத்துக்கான மதிப்பெண் வெட்டு விழுந்திருக்கும்.

சாட்ஜிபிடி?
– பெயர் எழுதாத வாசகர்

முதலில் உங்கள் மாட்யூல் (பாடப் பிரிவு) கையேட்டைப் பாருங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு மாட்யூலில் அனுமதி இருக்கும், பக்கத்து மாட்யூலில் இருக்காது. அனுமதி இருந்தாலும் ரெஃபரன்ஸ் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் பொருத்தி அழகாகக் கொடுத்துவிடும். அனுமதி இருக்கிற இடத்தில் உருப்படியான பயன் ஒன்று உண்டு: உங்கள் பத்தியைக் கொடுத்து, ‘இதற்கு எதிராக ஒருவர் என்ன சொல்வார்?’ என்று கேட்பது. பதிலை நீங்கள் எழுதுங்கள்.

3,000 சொல் எல்லை. எழுதியது 3,900. எதை வெட்டினாலும் கை நடுங்குகிறது.
– மாணவர், கிளாஸ்கோ

10 சதவீதம் கூடினால் பொறுத்துக்கொள்ளும் துறைகள் உண்டு, ஒரு சொல் கூடினாலும் வெட்டும் துறைகளும் உண்டு. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் 600-க்குக் குறையாமல் போக வேண்டும்.

சொல் சொல்லாகக் கிள்ளத் தொடங்காதீர்கள். மேலே மான்செஸ்டர் மாணவருக்குச் சொன்ன ஒருவரிப் பட்டியலை முதலில் போடுங்கள். கேள்விக்குப் பதிலாகாத வரி எதுவோ அந்தப் பத்தி முழுசாகப் போகட்டும், அநேகமாக ‘வரலாற்றுப் பின்னணி’ என்ற பெயரில் இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரே கருத்துக்கு மூன்று எடுத்துக்காட்டு இருந்தால் வலுவான ஒன்றை வையுங்கள். நீண்ட மேற்கோளில் உங்களுக்கு வேண்டியது ஐந்தாறு சொல்தான், அதை மட்டும் உங்கள் வாக்கியத்துக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். இதிலேயே 700 போய்விடும்.

மிச்சத்துக்குத்தான் வாக்கியத்தில் கை வைக்க வேண்டும். ‘இட் இஸ் இம்பார்ட்டன்ட் டு நோட் தட்’ என்பதை அடித்தால் ஆறு சொல் மிச்சம், பொருளில் எந்த நஷ்டமும் இல்லை. ‘டியூ டு த ஃபேக்ட் தட்’ ஐந்து சொல், ‘பிகாஸ்’ ஒன்று. ‘கண்டக்டட் அன் அனாலிசிஸ் ஆஃப்’ என்று எழுதுவதெல்லாம் ‘அனலைஸ்ட்’ என்ற ஒரே சொல்லில் அடங்கும். நம்மவர்கள் இதில் கொஞ்சம் தாராளம். ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டு வருகிறது’ என்று அரசாணைத் தமிழில் எழுதிப் பழகிய கை ஆங்கிலத்திலும் அதையே தேடுகிறது. ‘மேற்கொள்’ வகை வினைகளை எல்லாம் வட்டமிட்டு, பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் பெயர்ச்சொல்லை வினையாக்குங்கள்.

வெட்டியதை அழிக்க வேண்டாம். தனிக் கோப்பில் போட்டுவையுங்கள், கை நடுக்கம் குறையும். திரும்ப எடுக்க அநேகமாக வராது.

சென்னையில் எம்.ஏ. படிக்கிறோம். எங்கள் கல்லூரியில் இப்படி எழுத்தாளரெல்லாம் இல்லை. நாங்கள் என்ன செய்வது?
– மூன்று மாணவிகள்

நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்களே, போதும். வாரம் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு அரை மணி. ஒரே தலைப்பில் எழுதுபவர்களாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது. எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மற்ற இருவரில் ஒருவர் 500 சொல்லை உரக்கப் படிக்க வேண்டும். அடுத்தவர் தடுமாறும் இடம் உடனே காதில் விழும், நாமே படித்தால் தாளில் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுவோம். கேட்டு முடித்ததும் மற்றவர் தாளைப் பார்க்காமல் ‘இவள் சொல்வது இது’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். எழுதியவர் தன் நோட்டில் முன்பே எழுதி மூடிவைத்த வாக்கியத்தோடு அதை ஒப்பிடட்டும். இரண்டும் வேறு என்றால் எந்தப் பத்தியில் வழி பிரிந்தது என்று தேடுங்கள்.

‘நல்லா இருக்குடி’ என்று சொல்வதற்கு மட்டும் தடை போடுங்கள். ‘மூணாவது பத்தியில எனக்குப் புரியாமப் போச்சு’ என்று இடம் சுட்டிச் சொன்னால் திருத்த முடியும். எழுத்துப்பிழைக்குக் கடைசி 5 நிமிடம். அதில் தொடங்கினால் அரை மணியும் அதிலேயே போய்விடும்.